செனோபியாவுக்குப் பிடிக்காத டிசம்பர்

டிசம்பர் பிறந்தாலே செனோபியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். பெரு நாட்டின் லிமா நகரத்தில், புற்றுநோய்ப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த அம்மாக்களும் தங்குகிற விடுதியில் அவள் சமையல்காரி. பதினோரு மாதம் எட்டிப்பார்க்காத ஊர், டிசம்பரில் மட்டும் வாசலில் வரிசை கட்டி நிற்கும். பள்ளிக்கூடம், வங்கி, கால்பந்துச் சங்கம் என்று யார் வந்தாலும் கொண்டுவருவது ஒன்றுதான். பட்டையும் கிராம்பும் போட்டு அண்டா நிறையக் கொதிக்கிற சாக்லேட், கூடவே உலர்ந்த பழம் பதித்த பனெத்தோன் ரொட்டி.

அங்கே டிசம்பர் கோடைக்காலம், வெளியே புழுக்கம் ஆளை அவிக்கும். மருந்து ஏறிய பிள்ளைகளுக்கோ வாயெல்லாம் புண். அந்த வாயில் கொதிக்கிற சாக்லேட்டை ஊற்றிவிட்டு, "சிரி செல்லம்" என்று படம் எடுப்பார்கள். ஆறவைத்துக் கொடுங்கள் என்றால், ஆறிப்போன சாக்லேட்டும் ஒரு கிறிஸ்துமஸா என்று முகம் சுளிப்பார்கள். செனோபியா அண்டாவைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் அடுப்படியில் ஆறவைப்பாள். பிடாரி என்று அவளுக்குப் பெயர். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை.

அந்த வருஷம் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக் கூட்டம் வந்தது. தலைவி ரொசாவுரா என்கிற குதிகால் செருப்புக்காரி. கூடவே, சிவப்புக் கம்பளிச் சட்டையும் பஞ்சுத் தாடியுமாக, வியர்த்து வழிகிற ஒரு குண்டு கிறிஸ்துமஸ் தாத்தா. அன்று காலையில்தான் மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: ஏழு வயது நய்தாவுக்கு வெள்ளையணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன, வெளியாள் ஒருத்தரும் கிட்டே போகக் கூடாது, இப்போது காய்ச்சல் வந்தால் பிழைப்பது கஷ்டம். செனோபியா முற்றத்தை ஒட்டிய அவள் அறையைப் பூட்டி, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"பட்டியல்ல பதினாலு பிள்ளைங்க. பதிமூணுதான் வந்திருக்கு," என்றாள் ரொசாவுரா.

"பதினாலாவது உள்ளேயே இருக்கும்."

"ஒரே ஒரு படம்மா. நாங்க எவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றோம் தெரியுமா?"

"வந்த வழி தெரியும்ல, அப்படியே திரும்பிப் போ. அவளுக்குக் காய்ச்சல் வந்தா நீயா பக்கத்துல உக்காரப் போறே?"

அதற்குள், கைகழுவப் போயிருந்த நய்தாவின் அம்மா ஃபிதென்சியா வந்துவிட்டாள். மலையூர்க்காரி, ஒன்பது மாதத்தில் சத்தமாக ஒரு வார்த்தை பேசாதவள்.

"கதவைத் திற அக்கா. இவங்களை உள்ளே விடு."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. ஒம்பது மாசமா அதுதானே விழுது. தொடாதே, தின்னாதே, கிட்டே போகாதே. அடுத்த கிறிஸ்துமஸ் அவளுக்கு உண்டுன்னு நீ எழுதிக் குடுப்பியா? பாட்டுச் சத்தம் கேட்டதுலேர்ந்து சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. என்கிட்டேயே பேசமாட்டேங்குறா."

"என் மகனையும் இப்படித்தான் பூட்டி வெச்சேன். இன்னிக்கு இருபத்திரெண்டு வயசு, லாரி ஓட்டுறான். உசுரோட இருக்கான்ல?"

"அதுக்கு உன்கிட்ட நன்றி சொன்னானா?"

செனோபியாவின் மகன் ஊசியை மறந்துவிட்டான், முடி கொட்டியதையும் மறந்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் மற்ற பிள்ளைகள் பாடிக் கூத்தடித்ததை மட்டும் மறக்கவில்லை. சண்டை வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்காட்டுவான். அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவள் கத்துவாள், அதுதான் அவள் வழக்கம்.

"ஏய் தாடி, இங்கே வா. இந்த ஜன்னலுக்கு முன்னால நில்லு. கண்ணாடியைத் தொட்டே, கையை ஒடிப்பேன். செல்போனெல்லாம் பைக்குள்ள போடுங்க. மலையூர் ஆட்டம் தெரியுமா?"

"அந்தப் பாட்டு கொண்டுவரலியே," என்றான் அவன்.

"வாய் கொண்டுவந்தியா இல்லியா? பாடிக்கிட்டே ஆடு. நீயும்தாம்மா, செருப்பைக் கழட்டு."

ரொசாவுரா ஏதோ சொல்ல வந்தவள், செனோபியாவின் கண்ணைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

செனோபியா கையை முழங்கை வரை கழுவி, முகக்கவசம் கட்டி, ஆறின சாக்லேட்டில் அரை டம்ளர் எடுத்துக்கொண்டு ஃபிதென்சியாவோடு உள்ளே போனாள். திரையை விலக்கினாள். வெளியே பட்டணத்து அலுவலகம் மொத்தமும் தப்புத் தாளத்தில் குதித்துக்கொண்டிருந்தது. தாத்தாவின் தாடி கழன்று ஒரு காதில் தொங்கியது. நய்தா முதலில் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். சிரித்தாள். காய்ந்திருந்த உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"சிரிக்காதே கண்ணு, இன்னும் கிழியும்," என்று ஃபிதென்சியா பதறிப்போய்ப் பஞ்சால் ஒற்றினாள்.

"வலிக்குது," என்றாள் நய்தா. "அத்தை, அவங்களை நிறுத்த வேணாம்னு சொல்லு."

வெளியே தாத்தா இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். செனோபியா கண்ணாடியை ஓங்கித் தட்டி, மறுபடி ஆடு என்று கையைக் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த கடுகடுப்பைக் கண்டு பயந்து, அவன் இன்னும் வேகமாக ஆடினான்.