மூன்றாம் வாசலின் படிக்கட்டு

அந்தச் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். 'ஆஸ்பத்திரி' என்று அம்புக்குறி போட்ட மூன்றாம் வாசலில் மூச்சு வாங்கப் படியேறி மேலே வந்தால், ஆஸ்பத்திரி சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். நடுவே நாலு வரிசையாக வண்டிகள் பறக்கும். "எந்தப் புண்ணியவான் கட்டினான் இதை?" என்பார்கள். புண்ணியவான் என்பது நாகரிகமானவர்கள் வாயில் வருவது. மற்றவர்கள் சொல்வதை எழுத முடியாது.

பாதிப் பேர் வழி தப்பிவிட்டோம் என்று நினைத்துத் திரும்பவும் இறங்கி வருவார்கள். படிக்கட்டின் அடியில் முதல் கதவு ஆவண அறை. அதன் உள்ளே, ரயில் பாதை முழுமைக்குமான வரைபடச் சுருள்கள் கூரைவரை அடுக்கிய இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, ஐம்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கட்டுப் போட்ட காலோடும் வயிற்றுப் பிள்ளையோடும் வந்து நிற்பவர்களுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"இதுதாங்க வழி. மேல போய் ரோட்டைக் கடக்கணும்."

இருபத்து நான்கு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் படிக்கட்டை வரைந்தவள் அவள். அதைத் தப்பாக வரைந்தவள் என்று ஊரும் ஆபீசும் நம்பியதும் அவளைத்தான். ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் ஒரு மனிதரை மனதுக்குள் நிறுத்தி வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அந்த நிலையத்தின் ஒவ்வொரு அங்குலமும் அவள் கையால் காகிதத்தில் போட்டது. சாலையையே பிளந்து, பள்ளத்தில் கான்கிரீட்டால் பெரிய பெட்டி கட்டி, மேலே மூடி மறுபடி சாலை போட்டார்கள். பெட்டிக்குள் இரண்டு தளம். கீழ்த்தளத்தில் நடுவே ஒரே நடைமேடை, இரு பக்கமும் தண்டவாளம். மூன்று பெட்டிகள் மட்டும் ஓடும் சின்ன ரயில் என்பதால் நடைமேடையும் கையடக்கமானது. பள்ளம் தோண்டியபோது ஒரு முனையில் பாறை தட்டியது. அதை உடைக்கத் துணியாமல் தண்டவாளத்தை வளைத்தார்கள், அதனால் இன்றும் ரயில் அங்கே கிறீச்சென்று அலறிக்கொண்டுதான் திரும்புகிறது. மேல்தளத்தில் டிக்கெட் ஜன்னல்கள், நுழைவுக் கதவுகள், ஊறி வரும் நீரை இறைக்கும் மோட்டார் அறை. அங்கிருந்து மூன்று வாசல்கள். ஒன்று கடைத்தெருவுக்கு, ஒன்று பஸ் நிறுத்தத்துக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள். கடைசித் தாளைப் போட்டு முடித்த அன்று அவளுக்கு விரல் மடங்கவில்லை, ஆனாலும் சிரித்த வாய் மூடாமல் வீட்டுக்குப் போனாள்.

திறப்பு விழாவுக்கு ஒன்பது வாரம் இருக்கும்போது மூன்றாம் வாசலுக்குத் தோண்டியவர்கள் ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம், மண்ணுக்கு அடியில், ஆள் உயரத்துக்குப் பழைய செங்கல் சாக்கடை. அதை விலக்க நாலு மாதம் ஆகும். நிலத்தடியை முழுக்கச் சோதித்தாயிற்று என்று மேலிடத்தில் மார்தட்டியவர் நிலையத்தைக் கட்டிய பொறியாளர். இப்போது போய் 'சோதிக்கவில்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வருமா?

காலையில் நேராக அவள் மேசைக்கு வந்தார். நகராட்சியில் வாங்கிய பழைய சாக்கடைப் படத்தை அடியில் விரித்து, அதன்மேல் வாசலின் நகலை வைத்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒரு அடித்தல், ஒரு வட்டம், எதிர்ப்பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி.

"படிக்கட்டை இப்படியே அந்தப் பக்கம் மாத்திடும்மா. மத்தியானத்துக்குள்ள படம் வேணும்."

"மேலிடத்துக்குத் தெரியுமா சார்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்' என்று பெரியவர்கள் சொன்னால் சின்னவர்கள் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவளுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. அவரை நம்பினாள். மத்தியானத்துக்குள் படத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

ரயில் குறித்த நாளில் ஓடியது. மாலைகள் விழுந்தன. மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது, பிறகு பத்திரிகைகளில் படம் வந்தது, அப்புறம் விசாரணை வைத்தார்கள். பொறியாளர் அலட்டிக்கொள்ளவே இல்லை. வரைபடம் போட்ட பெண் ஒளி ஊடுருவும் ட்ரேஸிங் தாளைத் திருப்பிப் போட்டு நகலெடுத்துவிட்டாள், அதனால் இடம் வலமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தொழிலில் அதைவிடக் கேவலமான தப்பு கிடையாது. சமையல்காரன் உப்புக்குப் பதில் சலவைச் சோடா போட்டான் என்பது மாதிரி.

"தாளைத் திருப்பிப் போட்டா எழுத்தும் திரும்பித்தானே சார் இருக்கும்?" என்று விசாரணையில் கேட்டாள்.

"எழுத்தை அப்புறமா எழுதியிருப்பீங்க" என்றார்கள்.

"அவர் சிவப்புப் பென்சில்ல குறிச்ச நகல் இருக்கு. அதை எடுத்துப் பாருங்க."

தேடினார்கள். கிடைக்கவில்லை என்றார்கள். எவ்வளவு தேடினார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

அவளை வரைபடப் பலகையிலிருந்து எடுத்து, அந்த நிலையத்துக்கே, ஆவண அறைக்குத் தூக்கியடித்தார்கள். பதவி உயர்வு போனது. 'திருப்பி' என்று பட்டப்பெயர் வந்தது. டிக்கெட் ஜன்னல்காரர் ஒருவர் வைத்த பெயர். அவள் டீ வாங்கி வந்தால், "பாத்து, டம்ளரைத் தலைகீழா வெச்சிடப் போறாங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் ஒப்புக்குச் சிரித்து வைப்பாள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது அவளுடைய அப்பா சொன்ன ஒரு வார்த்தை.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் வைத்தியத்துக்கு வாராவாரம் அந்த ரயிலில் வருவார். பக்கத்தில் உட்கார்ந்தவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "இந்த ஸ்டேஷன் என் பொண்ணு போட்ட படம்" என்று தொடங்கிவிடுவார். விசாரணைக்குப் பிறகு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்தார். பாதியில் முழங்கால் மக்கர் பண்ணியது. ஒரு லாரி ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது. எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"விடும்மா. கைத்தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

"நான் பண்ணலப்பா."

"சரிம்மா. சரி சரி."

விழுந்து அழும் குழந்தையைத் தேற்றுகிற குரல் அது. செய்யாத தப்புக்குப் பெற்ற தகப்பன் மன்னிப்புக் கொடுத்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது? ஆறாவது வருடம் அவர் போய்ச் சேர்ந்தார், அவளை மன்னித்த மனதோடே.

அன்றிலிருந்து அவளுடைய வேலை ஒன்றுதான். அந்த நகலைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்த மனிதரை நாலு பேர் நடுவில் நிறுத்த வேண்டும். பொறியாளர் பெரிய புத்திசாலிதான், ஆனால் ஒரு மடத்தனம் செய்திருந்தார். தன் சிவப்புப் பென்சில் எங்கோ கிடக்கிற அறைக்கே அவளை அனுப்பிவைத்திருந்தார். ஒரு நாளைக்கு நாலு சுருள் என்று கணக்கு வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. பதினோராவது வருடம், யாரும் சீண்டாத கழிவுநீர்ப் படங்களின் அலமாரியில், பழைய சாக்கடைப் படத்தைப் பிரித்தபோது உள்ளே இன்னொரு தாள் சுருண்டிருந்தது. அன்று காலை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாரே, அப்படியே சேர்த்துச் சுருட்டியிருக்கிறார். சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை. அம்புக்குறிக்குப் பக்கத்தில் தேதியும் அவருடைய சுருக்கொப்பமும் இருந்தன. கதவைத் தாழிட்டுவிட்டு, அலமாரியைப் பிடித்துக்கொண்டு, அப்பா செத்த அன்றைக்கு அழாத அழுகையை அழுதாள்.

ஆனால் அப்போது அவர் தலைமைப் பொறியாளர். புகார் கொடுத்தால் அது அவர் மேசைக்கே போகும், அங்கிருந்து குப்பைக்கூடைக்குப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஓய்வு பெற்ற பிறகு மேலே போய்க் கேட்டாள். "முடிஞ்சு போன கதையைக் கிளறாதீங்கம்மா, உங்களுக்கும் வயசாச்சு" என்றார்கள். வயதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை.

நிலையத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தது. புதிதாக வந்த மேலாளர் இளம்பெண், ஓடியாடி வேலை செய்கிறவள். மூன்றாம் வாசல் நடைபாதைச் சுவரில் நிலையத்தின் வரலாற்றைப் பெரிய படங்களாக வைக்கலாம் என்றாள்.

"எந்தப் படம் எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும் அக்கா. தேர்ந்தெடுக்கறது, அச்சுக்குக் குடுக்கறது, ஆளுங்களைக் கூப்பிடறது எல்லாம் நீங்களே பாத்துக்குங்க. திறந்து வைக்க நம்ம பழைய தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டிருக்கோம்."

"பேஷாச் செஞ்சிடலாம்" என்றாள் அவள். அன்று வீட்டுக்குப் போய் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

சாலையைப் பிளந்த படம், பாறை தட்டிய படம், முதல் ரயில் வந்த படம் என்று வரிசையாக மாட்டினாள். கடைசி இரண்டை மட்டும் நீலத் திரை போட்டு மூடினாள். திறந்து வைப்பதற்கு ஏதாவது வேண்டாமா என்று மேலாளரிடம் சொன்னாள்.

விழாவன்று ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். பழைய ஊழியர்கள், புதிய ஊழியர்கள், ரயிலைவிட்டு இறங்கி வேடிக்கை பார்க்க நின்றவர்கள். பொறியாளர் மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் வந்தார். தலை முழுக்க வெள்ளை, முதுகு மட்டும் அதே விறைப்பு. அவளைப் பார்த்து, "என்னம்மா, சௌக்கியமா?" என்று தோளைத் தட்டாத குறையாக விசாரித்தார். பழைய கதையில் ஒரு வரிகூட அந்த முகத்தில் இல்லை.

முதல் கயிற்றை இழுத்தார். ஆள் உயரத்துக்கு நகல் விரிந்தது, நடுவே ரத்தச் சிவப்பில் அம்புக்குறி. அரை நொடி அவர் முகம் செத்துப்போனது. அந்த அரை நொடியை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். அடுத்த நொடியே அவர் கடகடவென்று சிரித்தார்.

"அட, என் சிவப்புப் பென்சில்! உங்களுக்கெல்லாம் இந்தக் கதை தெரியாது. கீழே சாக்கடை தட்டிடிச்சு, நாலு மாசம் லேட்டாகும்னு எல்லாரும் கையைப் பிசையறாங்க. நான் யோசிக்கவே இல்ல. ஒரே கோடு! படிக்கட்டைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். சொன்ன நாள்ல ரயிலை ஓட்டிக் காட்டினேன். சரியோ தப்போ, செஞ்சது நான். எங்க வேணா சொல்வேன்."

கைதட்டல் நடைபாதை முழுக்க அதிர்ந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று யாரோ சொன்னார்கள். பேரன் தாத்தாவை அண்ணாந்து பார்த்தான்.

அவள் அசையவில்லை. இந்த மனிதரை அவளுக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். மாட்டிக்கொண்டால் நெளிய மாட்டார், அதையும் தனக்குப் பெருமையாகப் பூசிக்கொள்வார். அதைத்தான் அவள் நம்பியிருந்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"இன்னொரு திரை இருக்கு சார்."

உற்சாகத்தில் இருந்தவர் அந்தக் கயிற்றையும் தானே இழுத்தார்.

விரல் அளவு எழுத்தில் ஒரு காகிதம். கீழே அவருடைய முழுக் கையெழுத்து. பழைய விசாரணைக் கோப்புகளும் கடைசியில் ஆவண அறைக்குத்தான் வந்து சேரும் என்பதை அவர் யோசித்ததில்லை. 'திருப்பி' என்று பெயர் வைத்த டிக்கெட் ஜன்னல்காரர் முன்வரிசையில் நின்றிருந்தார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் உரக்கவே படித்தார்.

"மூன்றாம் வாசலின் படிக்கட்டை இடம் மாற்றும்படி நான் எவருக்கும் எந்த உத்தரவும் தரவில்லை. வரைபடம் போட்டவர் கவனக்குறைவாகத் தாளைத் திருப்பிப் போட்டதே பிழைக்குக் காரணம். அவர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கிறேன்."

படித்து முடித்தவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் பெண், "அக்கா, என்ன இது?" என்று பதறினாள். வேலைக்கு வேட்டு வந்தாலும் வரட்டும், ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாதம். அவள் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான நிமிடம் வந்ததில்லை. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை.

பொறியாளர் நாலு அடி நடந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"என்னை எப்படி வேணா பேசியிருக்கலாம்மா. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா கால்ல விழுந்திருப்பேன். என் பொண்ணு நிக்கிறா. பேரப்பிள்ளைங்க நிக்குது. அவங்க முன்னாடி போய்..."

"தெரியும் சார். உங்க பொண்ணுக்கு வர நேரமில்லைன்னாங்க. நான்தான் ரெண்டு தடவை வீட்டுக்குப் போய் அழைப்பிதழ் வெச்சு, அவசியம் வரணும்னு கூப்பிட்டேன்."

அவர் மெல்லத் திரும்பினார். மகள் அந்தக் காகிதத்தின் எதிரே நின்று, முதல் வரியிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.