அண்ணியின் பென்சில் வட்டங்கள்

என் அலமாரியின் இரண்டாவது தட்டில், டைரிகளுக்கு இடப்பக்கம், அண்ணியின் விலாசப் புத்தகம் இருக்கிறது. சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை. முதுகு பிய்ந்த இடத்தில் அவரே ஒட்டிய பழுப்புத் தாள். பக்கத்துக்கு எட்டுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகத் தெரு, பாலிசி எண், தவணை மாதம், தொலைபேசி எண், எல்லாம் நீல மையில். சில எண்களை ஒட்டி மட்டும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம், மிளகளவுக்கு. எதையும் விடாமல் எழுதிவைக்கிறவன் என்று எனக்குப் பெயர். நான் விட்டது அந்த வட்டங்களைத்தான்.

அண்ணன் இறந்த பிறகு அண்ணி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனார். அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நெசவாளர்கள். எங்கள் ஊரில் அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாட்களில் போனால், தறிக்குழியில் கால் இறக்கியிருப்பவரின் கண் பாவு நூலை விட்டு நகராது. கேட்டதற்கெல்லாம் "உம்" என்பார். அமாவாசையில்தான் முகம் பார்த்துப் பேசுவார். ஆகவே மாதத்தில் அந்த ஒரு நாள், காலை ஒன்பதுக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அண்ணி கிளம்புவார். "இன்னாம்மா, தவணை வந்துக்கினு இருக்குது, நெனப்பு இருக்குதா?" என்று வாசலிலேயே குரல் கொடுப்பார். கட்ட வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களும் காத்திருப்பார்கள். மதியம் வந்து விழும்போது, "அஞ்சு வூட்டுல காபி குடிச்சாச்சு தம்பி. ஆறாவது வூட்டுல தண்ணி குடும்மான்னா, ஏன் எங்க வூட்டுக் காபி எறங்காதான்னு கோச்சிக்கிறா" என்பார்.

ஸ்கூட்டர் தேய்ந்துபோனது, கூடவே அவருடைய முழங்காலும். புது வண்டிக்கென்று அண்ணி பணம் சேர்த்து வைத்திருந்த நேரத்தில்தான் இணையதளம் அமைத்துத் தருகிற ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். "ஆன்ட்டி, இனிமே நீங்க யாரையும் தேடிப் போவ வேணாம். அவங்களே உங்களைத் தேடி வருவாங்க" என்றார். "அப்ப நான் இன்னா பண்றது? வூட்டுல ஒக்காந்து பூ கட்டவா?" என்றார் அண்ணி. அண்ணிக்குத் தயக்கம்தான். பேசிச் சம்மதிக்க வைத்தது நான். ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். ஒழுங்காக ஏற்றப்பட்ட பட்டியலுக்கு மேல் நம்பிக்கையானது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். வண்டி தேயும், இது தேயாது என்றேன். வண்டிக்கான பணம் இணையதளத்துக்குப் போனது.

ஸ்டூடியோவில் எடுத்த படத்தை அதில் போட்டார்கள். அண்ணி பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கோபுரம். "எலெக்ஷன்ல நிக்கிறவ மாதிரி இருக்குறேன்பா" என்று அவருக்கு ஒரே சிரிப்பு. விசாரிப்புகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றையும் நாள், நேரம், ஊர் போட்டு டைரியில் எழுதினேன். கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சிலர் நடை எப்போது திறக்கும் என்று கேட்டார்கள். சிலர் புடவை விலை கேட்டார்கள். "சாமி பாக்க வர்றவங்களுக்கும் ஒரு பாலிசி போட்டு வுட்டுடலாமா?" என்பார் அண்ணி. பாலிசி வரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் எடுத்தார்கள். அவர்களில் யாரையும் அண்ணி நேரில் பார்த்ததில்லை.

அதே தளத்தில் இன்னொரு வசதியும் இருந்தது: தவணைக்குப் பத்து நாள் முன்பே வாடிக்கையாளரின் கைபேசிக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, இந்தச் சிவப்புப் புத்தகத்தைப் பார்த்து எல்லாப் பெயர்களையும் ஏற்றினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். பென்சில் வட்டங்களுக்குக் கணினியில் கட்டம் இல்லை. ஏதோ பழைய அடையாளம் என்று நினைத்து விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம், அண்ணி அடுத்த அறையில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எல்லாம் ஏறிடுச்சா தம்பி?" என்றார். "ஒண்ணு விடாம ஏறிடுச்சு அண்ணி" என்றேன். என்னை நம்பித்தான் அவர் அமாவாசைச் சுற்றை நிறுத்தினார். அதன்பின் அந்த நாட்களில் ஜன்னல் ஓரம் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது ஒலித்தால் எடுத்து என்னிடம் நீட்டுவார்.

அடுத்த ஆண்டு ஆடி மாதம் ஒரு நெசவாளரின் மனைவி வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. மஞ்சள் துணிப்பையிலிருந்து பாலிசிப் பத்திரத்தை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தார். அவருடைய கணவர் தறியிலிருந்து எழுந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். நான் பட்டியலைத் திறந்தேன். இரண்டு அரையாண்டுத் தவணைகள் கட்டப்படாமல் பாலிசி காலாவதியாகியிருந்தது. பாலிசி எடுத்து இரண்டு ஆண்டுகூட நிறையாததால் சலுகைக்கும் வழியில்லை. இரண்டு முறையும் குறுஞ்செய்தி போயிருந்தது. "மெசேஜ் வந்திருக்குமே" என்றேன். அந்த அம்மா எண்ணைப் பார்த்தார். "இது எங்க பெரியவன் நம்பரு. அவன் வேற நம்பர் மாத்தி ஒரு வருசம் ஆவுதே. எங்ககிட்ட ஏது போனு?" என்றார். பிறகு அண்ணியிடம் திரும்பி, "நீங்க வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தோம்மா. அம்மா வந்தா குடுக்கணும்னு பணத்த அரிசி டப்பால போட்டு வெச்சிருந்தாரு. அதுலதான் காரியம் பண்ணோம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

அவர் போன பிறகு அண்ணி சிவப்புப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி அந்தப் பக்கத்தைப் புரட்டினார். எண்ணுக்குப் பக்கத்தில் வட்டம் இருந்தது. "போன்ல சொன்னா போய்ச் சேராது, நேர்ல போவணும்னு போட்டு வெச்சது தம்பி" என்றார். இன்சூரன்ஸ் கிளை அலுவலகப் படியை அண்ணி பலமுறை ஏறி இறங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வீட்டின் இளைய பெண் கல்லூரியை விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள்.

இணையதளத்தில் போட்ட பணம் திரும்பி வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆண்டு முடிவில் ஒரு பக்கத்தில் செலவையும் மறுபக்கத்தில் வரவையும் எழுதி அண்ணியிடம் காட்டினேன். கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "அந்த வூட்ட எந்தப் பக்கத்துல எழுதினே?" என்று கேட்டார். குத்திக்காட்டும் குரல் அல்ல, தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அவர் வீட்டுக்குப் போவதைக் குறைத்தேன். அவர் பெயர் கைபேசியில் ஒளிரும்போது எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அலுவலக வேலை என்று மனைவியைச் சொல்லச் சொல்வேன். ஒரு அமாவாசை அன்று கதவு தட்டும் சத்தம். அண்ணி நின்றிருந்தார், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்து, முழங்காலைக் கையால் பிடித்தபடி. உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். "நாலு வூடு முடிச்சிட்டேன். இது அஞ்சாவது. காபி இருக்குதா, இல்ல உங்க வூட்டுலயும் தண்ணிதானா?" என்றார். நடந்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. முடிகிறவரை ஒவ்வொரு அமாவாசையும் நடந்தே சுற்றினார். முதலில் அந்த வீட்டுக்குத்தான் போவார். அங்கே வாங்குவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும்.

அண்ணி இறந்து இந்தத் தையோடு ஓராண்டு. இணையதளம் இன்னும் இருக்கிறது. கோபுரத்துக்கு முன்னால் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதைப் புதுப்பிக்கச் சொல்லி எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது. நேற்று மூன்றாவது செய்தி வந்தபோது, முடிவு செய்வதற்கு முன் சிவப்புப் புத்தகத்தை எடுத்தேன். வட்டம் உள்ள பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதலாம் என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். கடைசிப் பக்கத்தில் சொந்தக்காரர்களின் எண்கள். அங்கே என் பெயர், மை மங்கிய பழைய எழுத்தில். அதை ஒட்டிப் பிற்பாடு எப்போதோ போட்ட ஒரு பென்சில் வட்டம், மிளகளவுக்கு.