மாத்திரை போட்டால் விரதம் முறியாது என்று சொன்னவள் நான்தான்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்காக வல்லத்திராக்கோட்டையிலிருந்து விராலிமலைக்கு நடந்து போனோம். பதினெட்டுப் பேர், மூன்று நாள் நடை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நேரம் அது. சும்மா உட்காரத் தெரியாதவள் நான். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன், எங்கே தங்குவது என்று முடிவு செய்தேன், யாரும் கேட்காமலே முதலுதவிப் பையையும் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பையில் பஞ்சு, பிளாஸ்டர், தைலம், கூடவே இரண்டு அட்டை வலி மாத்திரை. மருந்துக் கடையில் "கால் வலிக்கு நல்லதாக் குடுங்கண்ணே" என்றேன். கொடுத்தார். சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் என் மருத்துவப் படிப்பு.

அம்மாவின் தம்பி, என் மாமா, குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அவரும் அத்தையும் எங்களோடு நடந்தார்கள். ஐம்பது வயது. வண்டி ஓட்டி ஓட்டி முழங்கால் வலி. விரதம் என்பதால் பகலெல்லாம் தண்ணீரும் பாலும்தான், பொழுது சாய்ந்த பிறகு ஒரு வேளைச் சாப்பாடு. முதல் நாள் புதுக்கோட்டையை நெருங்கும்போதே நொண்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஏத்தா டாக்டரு, ஒன் பையில என்னமும் இருக்கா? இல்ல, சும்மா பந்தாவுக்குத் தூக்கிட்டு வாரியா?"

"இருக்கு மாமா. சாப்பிட்டுட்டுப் போடணுமாம்."

"சாப்பிட்டா வெரதம் போயிருமே."

யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை நான். "மாத்திரை போட்டா வெரதம் முறியாது மாமா. சோறு தின்னாத்தான் முறியும். பால் குடிச்சீங்கள்ல, அது போதும்" என்று தீர்ப்புச் சொன்னேன். சுற்றி நின்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னும் ஐந்து பேர் கை நீட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மாமா எங்களை முந்திக்கொண்டு நடந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மாலைக்குள் நான் அவருக்குக் கொடுத்தது மொத்தம் ஐந்து மாத்திரைகள். நடுநடுவே, குவைத்திலிருந்து கொண்டுவந்த மாத்திரையையும் அவர் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அன்று இலுப்பூரில் தங்கியபோது வயிறு எரிகிறது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். பசி வயிறு அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் நானே விளக்கம் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை, இலுப்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு நாலடி முன்னால் மாமாவும் அவருடைய சிநேகிதரும்.

"காலையில வெளிக்குப் போனா தார் மாதிரி கருப்பாப் போகுதுய்யா."

"என்ன மாப்ள, ரோடு போடுற காண்ட்ராக்ட் எடுத்துட்டியா?"

இருவரும் சிரித்தார்கள். எனக்கு ஏனோ சுருக்கென்றது. போனை எடுத்துத் தேடினேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. கடைசியில் திறந்த பக்கத்தில், மலம் தார் போலக் கருத்துப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம் என்று இருந்தது. காரணங்களில் வலி மாத்திரையும் இருந்தது.

உடனே ஓடிப்போய்க் கேட்டிருக்க வேண்டும். மாமாவிடம் போய் அதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டு பத்து நிமிடம் பின்னாலேயே நடந்தேன். அதற்குள் அவர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறாத நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. அப்படியே குனிந்து வாந்தி எடுத்தார். காப்பித்தூள் வண்டல் போல இருந்தது, அதில் சிவப்பும் கலந்திருந்தது. அத்தை போட்ட கூச்சலில் முன்னால் போனவர்களெல்லாம் திரும்பி ஓடி வந்தார்கள்.

108 வந்தது. நானும் அத்தையும் ஏறிக்கொண்டோம். உள்ளே இருந்த ஊழியர் கேட்டார்: "என்னென்ன மாத்திரை சாப்புட்டாருங்க?"

"ஒண்ணும் இல்லைங்க, வெறும் வெரதந்தான்" என்றார் அத்தை.

என் மடியில் அந்தப் பை இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் கை ஜிப்பைத் திறக்கவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சொன்னால் என்ன ஆகும், அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்றுதான் மனசு ஓடியது. மாமாவின் கண் செருகியதைப் பார்த்த பிறகுதான் கை அசைந்தது. காலி அட்டையை எடுத்து நீட்டி, "நாந்தான் குடுத்தேன். அஞ்சு மாத்திரை" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் அவரும் மாமாவின் பையைத் துழாவி, குவைத் மாத்திரையையும் இன்னொரு சின்ன வெள்ளை மாத்திரையையும் எடுத்தார். முந்தின வருடம் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒன்று. அக்கா, அதாவது என் அம்மா, அழுவாள் என்று எங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். "அது தெனம் போடுறதுங்க, அதையுமா சொல்லணும்?" என்று அழுதார் அத்தை.

ஊழியர் அட்டைகளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். "பேருதாம்மா வேற, ரெண்டும் ஒரே வலி மருந்து. இதுலயும் டைக்ளோஃபெனாக், அதுலயும் டைக்ளோஃபெனாக். வெறும் வயித்துல ரெண்டையும் போட்டு, இந்த இருதய மாத்திரை வேறயா?" என்றவர், உடனே புதுக்கோட்டை மருத்துவமனைக்குப் போன் போட்டார்.

மாமாவை உள்ளே கொண்டுபோன பிறகுதான் மற்ற ஐந்து பேரின் நினைவு வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "கருப்பாப் போகுதா?" என்று நேரடியாகக் கேட்டேன். ஒருவர், "பொம்பளப்புள்ள கேக்குற கேள்வியா இது?" என்று எகிறினார். "பதில மட்டும் சொல்லுங்க பெரியப்பா" என்று நானும் கத்தினேன். நல்லவேளை, ஐந்து பேருக்கும் ஒன்றுமில்லை.

மாமாவின் வயிற்றில் புண் உடைந்து ரத்தம் கொட்டியிருந்தது. குழாய் விட்டு அதை அடைத்து, ரத்தம் ஏற்றினார்கள். இதயம், சிறுநீரகம், ரத்தக் கொதிப்பு, வயிற்றுப் புண் என்று ஏதாவது இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வலி மாத்திரையைத் தொடவே கூடாதாம். "இன்னும் ரெண்டு மணி நேரம் நடந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆறாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். "நீ என்னத்தா பண்ணுவ, கேட்டது நாந்தானே" என்றார். அத்தை பேசவே பல மாதம் ஆனது. தெரியாமல் கொடுத்ததை அவர்கள் இருவருமே இப்போது மறந்துவிட்டார்கள். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தச் சில நொடிகளை நினைத்தால்தான், எனக்கு என்னைப் பார்த்தே இன்றும் பயமாக இருக்கிறது.