எல்லாக் கயிறும் நல்லதென்ற தாள்

ஞானமலர் சாம்பல்தீவுப் பிள்ளை. கொழும்பில் இரண்டு வருஷம் கொம்பியூட்டர் படித்துவிட்டு, எண்பத்திரண்டாம் ஆண்டு, கப்பற் சாமான் இறக்கும் எங்கள் கம்பனிக் கந்தோருக்கு வேலைக்கு வந்தாள். வந்த அன்றே எனக்கு அவள்மேல் சந்தேகம். கந்தோர் கூட்டுகிறவள் நான்; மற்றவர்கள் தாளைக் கசக்கிப் போடுவார்கள், இவள் நாலாகக் கிழித்துப் போட்டாள்.

சுமை தூக்கும் கம்பிக்கயிறுகளில், ஒவ்வொன்றும் தூக்கிய பாரக் கணக்கை வைத்து, எது நல்லது, எது பழுது என்று மெசின் அச்சடித்துத் தரவேண்டும். அதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. அதுவரை கையால்தான் பார்த்தார்கள். பழந்துணியால் துடைத்துக்கொண்டு போனால், அறுந்த இழை துணியைப் பிடித்து இழுக்கும்.

என் மகன் இக்னேசியஸுக்கு அந்தக் கயிறுகளுக்குக் கீழேதான் வேலை. ஒருநாள் பின்னேரம் வந்து சொன்னான்:

“பன்னிரண்டாம் கயிறு துணியைப் பிடிக்குதம்மா. ஹெக்டர் சேர் கேக்கிறாரில்லை. மெசின் நல்லதெண்டு சொல்லுது, நாளைக்குச் சீமெந்துக் கப்பலுக்கு அதையே கட்டு எண்டுறார்.”

ஹெக்டர் எங்கள் மனேச்சர். விடிந்ததும் எல்லாருக்கும் முந்திக் கந்தோருக்குப் போய், அவர் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, உருவம் தெரியும். நாற்பது கயிற்றுக்கு நாற்பது வரி, ஒவ்வொரு வரியும் ஒரே உருவத்தில் முடிந்தது. நாற்பதில் ஒன்றுகூடவா பழுதில்லை?

ஞானமலர் வந்ததும் தாளை நீட்டினேன்.

“என்ன பிள்ளை, எல்லாத்துக்கும் ஒரே கதை?”

அவள் முகம் வெளிறியது.

“சோதிக்கிற பகுதி இன்னும் எழுதேல்லை அம்மா. எழுதாத இடமெல்லாம் ஒரு சொல்லை வைச்சிருக்கிறன். மக்ரோ எண்டு பேர். அதின்ர வேலையை ஒருக்கா எழுதினாப் போதும், அந்தச் சொல் இருக்கிற இடமெல்லாம் மெசின் அதையே செய்யும். இப்ப அது ‘நல்லது’ எண்டு சொல்லிப்போட்டுப் போகும். மிச்சம் ஓடுதோ எண்டு பாக்கத்தான்.”

“கயித்தைப் பாக்காமலோ?”

“ஓம்.”

“சேருக்குச் சொன்னனியோ?”

“சொன்னனான். அவர் தாளைப் பறிச்சுக்கொண்டு போயிட்டார்.”

நான் நம்பவில்லை. சொல்லியிருந்தாலும் பூனைக்குட்டிக் குரலில்தான் சொல்லியிருப்பாள்.

“அப்ப என்ர கண்ணுக்கு முன்னால மாத்து.”

“வேலை இன்னும் நிரந்தரமில்லை அம்மா. சேர் நிப்பாட்டிப்போடுவார்.”

“என்ர பிள்ளை கயித்துக்குக் கீழ நிக்கிறான்.”

கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் இருந்தேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, ஒரே ஓர் இடத்தில் தட்டினாள்.

“இனி எழுதாத இடம் வந்தா, எழுதேல்லை எண்டு சொல்லிப்போட்டு நிண்டிடும்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

இவ்வளவு சின்ன வேலைக்கா இத்தனை யோசனை என்று எனக்கு மறுபடியும் சந்தேகம்.

ஹெக்டர் வந்து, கப்பலுக்கு அன்றைய திகதி போட்ட புதுத்தாள் கேட்டார். மெசின் ஒரு வரி அடித்துவிட்டு நின்றது.

“நேற்று ஓடினது இண்டைக்கு ஏன் நிண்டது? கூட்டுற மனிசியிட்டையோ கொம்பியூட்டர் படிக்கிறீர்?”

“நேற்றும் அது கயித்தைப் பாக்கேல்லை சேர். இண்டைக்கு அதை ஒத்துக்கொள்ளுது.” சொன்னதை அவள் மாற்றவில்லை.

கப்பல் காத்துக் கிடந்தது. நாற்பது கயிற்றையும் துணியால் துடைத்தார்கள். மூன்றை ஒதுக்கினார்கள், பன்னிரண்டாவதும் அதில் ஒன்று.

மத்தியானம் ஞானமலருக்குக் கடிதம் வந்தது: நிரந்தரமாக்குவது ஆறு மாதம் தள்ளிப்போகும். வாசித்து, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மெசினுக்கு முன்னால் இருந்தாள். இனியாவது உண்மையாக எழுதுகிறாளா என்று நான் வாசலிலேயே நின்றேன்.

“போங்கோ அம்மா. இன்னும் பதினொரு இடம் எழுதக் கிடக்கு.”

நான் போகவில்லை. அன்று பின்னேரம்வரை அந்த வாசலைத்தான் கூட்டினேன்.