பின்னால் இருந்த கறுப்பு

விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுகளில், விமானங்களுக்கு வண்ணம் பூசுவது என் வேலை. வேலை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். மகள் பிறந்து அலுவலகத்தை விட்ட பிறகு, மதியம் அவள் தூங்கும் நேரத்தில் பழகிக்கொண்டது. அம்பத்தூரில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா, படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"இன்னாம்மா, இன்னும் பிளேனுக்குத்தான் பெயிண்ட் அட்ச்சிகினு கீறியா? நம்ம ஊட்டு கேட்டு துரு புட்ச்சிகினு கீது, அதுக்கும் ரெண்டு கோட்டு அட்ச்சி வுடேன்."

சிரித்து வைப்பேன்.

பளபளப்பை வரவழைப்பதுதான் இதில் கஷ்டம். புதிதாக வருகிறவர்கள் விமானத்தின் முதுகில் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டு வெளிச்சம் என்பார்கள். விமானம் திரும்பினாலும் அந்தக் கோடு நகராது. பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டு கிடக்கும். நான் பயன்படுத்தும் விளையாட்டில், விமானத்தின் மேல் போர்த்தும் ஒவ்வொரு வண்ணப் படத்துக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடுக்கு உண்டு. அது கறுக்கக் கறுக்க, விமானத்தின் உடம்பில் வானம் தெரியும். வெளுத்துவிட்டால் சுண்ணாம்புச் சுவர்தான். விளையாட்டுக்கு வெளியே சாதாரணமாகத் திறந்தால் மட்டும், கறுத்த இடங்களில் படமே மறைந்து தெரியும். எங்கே எவ்வளவு கறுப்பு என்று தெரிந்துகொள்ள, ரயிலில் போகும்போது அண்ணனூர் பணிமனையில் கழுவி நிறுத்திய பெட்டிகளைக் கழுத்து வலிக்கப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு மேலே வெயில் வழுக்கும். கதவோரம், கைபடும் இடத்தில், மங்கிவிடும். அந்த மங்கலையும் சேர்த்தால்தான் கண் நம்பும்.

விமானிகளுக்கான பயிற்சி மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு மாதிரி கேட்டது. யாராவது விசாரித்தால் "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்று சொல்லாமல் இருக்க எனக்கு அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது. அனுப்ப வேண்டிய கடைசி நாளில் மகளுக்குக் காய்ச்சல். கிளினிக்கில் காத்திருந்தபடி கணவருக்கு போன் செய்தேன்.

"அந்த சாம்பிள் ஃபோல்டரை அப்படியே அனுப்பிடுங்க."

"நீ பாப்பாவைப் பாரு. நான் பாத்துக்கறேன்."

சில நாட்களில் பதில் வந்தது. வண்ணங்கள் நன்று, பளபளப்பு பற்றிய புரிதல் போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். அனுப்பிய கோப்பைத் திறந்தேன். பின்னடுக்கு முழுக்க வெள்ளை.

"இதுல ஏதாவது பண்ணீங்களா?"

"ஆமாம்மா. திறந்து பாத்தா பிளேன் பாதி மறைஞ்சு ஆவி மாதிரி இருந்துச்சு. ஏதோ தப்பா சேவ் ஆயிருக்குன்னு பின்னாடி இருந்த கறுப்பை எடுத்துட்டேன். தெளிவா வந்துச்சே!"

பாராட்டுக்குக் காத்திருக்கும் முகம். அவர் எடுத்துப்போட்டதுதான் என் வேலை முழுவதும். அப்படியே என்றதோடு, தொடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால், ஐடியில் இருக்கும் எனக்கே சொல்கிறாயா என்று கோபித்திருப்பாரோ? காய்ச்சல் அவ்வளவு அதிகமில்லையே, அனுப்பிவிட்டே கிளம்பியிருக்கலாமோ? நிறுவனத்துக்கு விளக்கி எழுதினேன். வேறொருவரை எடுத்துவிட்டோம், நன்றி என்று பதில்.

அன்று மாலை, அவர் கைவைக்காத என் பழைய கோப்பை விளையாட்டில் போட்டு விமானத்தைத் திரையில் மெல்லத் திருப்பினேன். மேகம் ஒன்று அதன் வயிற்றில் வழுக்கிப் போனது. கணவர் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்த்தார்.

"அட, இது செமையா பளபளன்னு இருக்கே! இதையே அனுப்பியிருக்கலாம்ல?"

மகளுக்குச் சோறூட்ட நேரமாகிவிட்டது என்று சொல்லி, அவளை வாங்கிக்கொண்டேன்.