ஓர் எண்ணுக்காக உடைந்த விரல்கள்

கே.ஜி.கண்டிகை வளைவில் லாரி அடித்துப் பாவா போய்விட்டார் என்று போனில் சொன்னவன் யாரென்று இன்றுவரை தெரியாது. "செத்துட்டாருங்க" என்றான். "வாயைக் கழுவுடா!" என்று கத்திவிட்டுப் போனைச் சுவரில் அடித்தேன். அவன் சொன்னது உண்மைதான்.

பாவா, அதாவது தேவராஜுலு, என் அக்கா கணவர். ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் குடும்பம். திருத்தணியில், அரக்கோணம் சாலையில் நாங்கள் இருவரும் நடத்திய கடையை உங்களில் பலருக்குத் தெரியும். வயல் மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் சின்னப் பெட்டி செய்து விற்றோம். புரோகிராம் எழுதுவது நான். மாட்டுவதும் திட்டு வாங்குவதும் அவர். மகா கோபக்காரர். ஒரு நாள் சூடான சால்டரிங் அயர்னை என் மேல் வீசினார். நானும் சும்மா விடவில்லை, ஸ்குரூ டிரைவரைத் திருப்பி வீசினேன். அவர் காதோரம் கிழிந்து ரத்தம் வந்தது. அன்று மதியம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்.

எங்கள் சண்டையெல்லாம் இடத்துக்காகத்தான். அந்தப் பெட்டிக்கு மூளை கொஞ்சம். அதற்கு அனுப்பும் செய்தி சில எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். கண்டவன் மோட்டாரைப் போட்டுவிடாமலிருக்கப் பெட்டிக்குப் பெட்டி ஒரு ரகசியச் சாவி உண்டு, அதுவும் எண்கள்தான். அதை மாற்றும்போது புதுச் சாவியைப் பழைய சாவியால் பூட்டி அனுப்புவோம். செய்தியின் முன்னால் ஓர் எண் நிற்கும். 'உள்ளே இருப்பது பூட்டிய சாவி, இன்ன சாவியால் திற' என்பதை அந்த ஓர் எண்ணே பெட்டிக்குச் சொல்லிவிடும். அதுதான் செய்திக்குப் பேர். "பேரு எவ்ளோ சின்னதா வேணா இருக்கட்டும். பேரே இல்லாம அனுப்புன, கைய ஒடச்சிடுவேன்" என்பார் பாவா.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள், நான் பேரில்லாமல் அனுப்பினேன். வேறொரு விவரத்தைச் சேர்க்க இடம் போதவில்லை. பூட்டிய சாவிதானே எப்போதும் போகிறது, அதைச் சொல்ல ஓர் எண் தண்டம் என்று எடுத்துவிட்டேன். திமிர், வேறென்ன? எண் இல்லாவிட்டால் அது திறந்த சாவி என்றே பெட்டி எடுத்துக்கொள்ளும். கடையில் முதல் சாவியை அப்படித்தான் ஏற்றுவோம். அதை மறந்தேன். பூட்டிய டப்பாவையே சாவி என்று எடுத்து வைத்துக்கொண்டது பெட்டி. அதன்பின் யார் சொல்லும் அதற்கு ஏறவில்லை.

அது முனிரத்தினம் என்ற விவசாயியின் பெட்டி. கிருத்திகையன்று காலை கையாலேயே மோட்டாரைப் போட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டு, மோட்டார் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு காவடி எடுத்து மலையேறியிருக்கிறார். படியில் நின்று போனில் நிறுத்து நிறுத்து என்று அமுக்கியும் மோட்டார் நிற்கவில்லை. வரப்பு உடைந்து, களத்தில் குவித்திருந்த வேர்க்கடலை முழுக்க மூழ்கியது.

மொட்டைத் தலையில் சந்தனமும் மஞ்சள் வேட்டியுமாக, கடப்பாரையோடு நான்கு பேர் கடைக்குள் நுழைந்தார்கள். கண்ணாடி, மேசை, பெட்டிகள் எல்லாம் தூள். "வெள்ளாமையே பூடுச்சேடா! எவன்டா பண்ணது?" என்றார் முனிரத்தினம். பாவாவுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகம் சொல்லியிருக்க வேண்டும். "நான்தாங்க பண்ணேன்" என்றார்.

கடப்பாரை அவர் இடது கையில் இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டும் அலமாரிக்குப் பின்னால் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போனதும் பாவா ரத்தம் ஒழுகும் கையோடு என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். மல்டிமீட்டர் பறந்து வந்து என் தலைக்கு மேல் சுவரில் சிதறியது. "ஒரு நம்பரத் தூக்கிட்டு இன்னாத்த மிச்சம் புடிச்ச நீ? அறிவிருக்குதா?" பிறகு உட்கார்ந்துவிட்டார். "உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிக்கினு இருக்காத. என்ன அவங்க அடிச்சதுக்கு அவ உன்னக் கொன்னுடுவா." அவருடைய இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

சாவு வீட்டுக்கு முனிரத்தினம் மாலையோடு வந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒடச்ச பாவி நான்தாம்மா" என்று தரையில் முட்டி அழுதார். "அவரு தப்பு பண்ணாரு, நீங்க அடிச்சீங்க. எந்திரிங்க" என்றாள் அக்கா. பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் ஊமையாகத்தான் இருந்தேன். என்னைச் செருப்பால் அடித்தால் தகும்.

பாவாவின் கருவிகளை அக்கா என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். வேண்டாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தத் தப்பை மட்டும்தான். மூன்று வருடம் தன் பெயரில் வைத்திருந்தார், அது என்னுடையது. முனிரத்தினம் அண்ணே, நீங்கள் உடைத்தது தப்பே செய்யாத கை. அக்கா, இதைப் படித்ததும் நீ வருவாய். கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். இந்த முறை அலமாரிக்குப் பின்னால் போகமாட்டேன்.