பத்தொன்பதாம் நம்பர் பானா

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மும்பை முலுண்டில் நாள் முழுக்க அடுத்தவன் வண்டியைக் கழற்றி மாட்டிவிட்டு, லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கி வீடு சேர்ந்தால் சோற்றைப் பிசையவே கை வராது. இதில் கட்டுரை வேறா? எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு ஆள் பிடிக்கும் செல்வம்தான், "ஏழாங்கிளாஸ்ல நின்னவனும் எழுதுனாத்தாம்லே மலர் தடிக்கும்" என்று மெசேஜ் போட்டுக் கொன்றான். அவன் எட்டாம் கிளாஸ் வரை போனவன், அந்தத் திமிர். இன்று மூன்று தரம் சோப்புப் போட்டும் விரலிடுக்கில் துருவும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் போகவில்லை. சரி, அதையே எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கும் செல்வத்துக்கும் பன்னிரண்டு வயது. தாராவியில் ஒரே சந்து. என் அப்பா பழைய பைக்கில் முறுக்கு மூட்டை கட்டி, செம்பூரிலும் சீத்தா கேம்பிலும் கடைகளுக்குப் போட்டு வந்தார். அந்த வருஷம் மழை தொடங்கிய வாரமே வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அவர் வீட்டுக்குள், நீலத் தார்ப்பாய்க்கு அடியில் வண்டி வெளியே. மழை முடியும்வரை இரண்டும் அசையவில்லை. சந்தில் முழங்கால் தண்ணீர் ஏறி இறங்கியதில் பின் பிரேக் துருவோடு ஒட்டிக்கொண்டு, சக்கரம் கல்லாகச் சமைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் வந்து, சந்தில் செத்துக் கிடந்த வண்டிகளின் சீட்டில் எல்லாம் காகிதம் ஒட்டினார். திங்கட்கிழமை லாரி வரும். அப்பா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கெஞ்சிய கெஞ்சலுக்கு அவர் இந்தியில் சொன்ன பதில் இவ்வளவுதான்: சக்கரம் உருண்டால் வண்டி, உருளாவிட்டால் "பங்கார்", அதாவது பழைய இரும்பு. வண்டி போனால் கடைகளும் போகும் என்பது பன்னிரண்டு வயதுக்கும் விளங்கியது.

சக்கரத்தைக் கழற்றினால்தான் பிரேக்கை விடுவிக்கலாம்; ஆக்சில் நட்டைக் கழற்றினால்தான் சக்கரம் வரும். அந்த நட்டைத்தான் அப்பா எட்டு வருஷமாகக் கொஞ்சிக் கெடுத்திருந்தார். ஆயுத பூஜை வந்தால் எல்லாரும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். எங்கள் அப்பா பிரஷ்ஷை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை சில்வர் பெயிண்ட் அடிப்பார். நட்டு, போல்ட், துரு, சேறு என்று ஓரவஞ்சனை கிடையாது. எட்டுப் பூஜைக்கு எட்டுப் பூச்சு.

சந்தே யோசனை சொன்னது. ஒருவர் "காஸ்லெட்" ஊற்று என்று மண்ணெண்ணெய் கொடுத்தார், ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள், ஒருவர் சோடா ஊற்றச் சொல்லிவிட்டு மீதியைக் குடித்தார். அப்பா வாசலிலிருந்தே, "பத்தொம்பது பானா போடுலே" என்றார். பானா என்றால் ஸ்பேனர்.

செல்வம் நகத்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தான். "மாமா, உள்ள பதினேழு மாதிரி இருக்கு. பெயிண்டு சேந்துதான் பத்தொம்பதா நிக்கி."

"என் வண்டிய எனக்குச் சொல்லித் தாரியோ? போடுலே!"

போட்டான். பத்தொன்பது கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு பேரும் பானாவின் மேல் ஏறி நின்று மிதித்தோம். எட்டு வருஷப் பெயிண்ட் ஓடு ஓடாகக் கழன்று விழ, பானா மட்டும் சுற்றிக்கொண்டு வந்தது, நட்டு இம்மியும் திரும்பவில்லை. ஆறு முனையும் மழுங்கிக் கோலிக்குண்டாகிவிட்டது. இனிப் பதினேழும் பிடிக்காது.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். "யாரு கெடுத்தது?"

அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். "இந்தச் செல்வம் பயதான்."

செல்வம் பானாவைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான். எதற்கும் வாய் ஓயாத நான் அன்றைக்கு மட்டும் மூச்சு விடவில்லை.

வெல்டிங் கடையில் வேறொரு நட்டை அதன்மேல் வைத்துப் பற்றவைத்தால் வரும்; ஆனால் உருளாத வண்டி கடைக்குப் போகாது, கடை சந்துக்குள் வராது. கடைசியில் வெட்டுளிதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நட்டின் பக்கவாட்டில் மாறி மாறி அடித்தோம். என் கட்டைவிரலில் நாலு அடி, அவன் கையில் எத்தனை என்று அவன் சொல்லவில்லை. ஞாயிறு சாயங்காலம் நட்டு பிளந்தது. பிரேக்கைத் தட்டி விடுவித்து, புது நட்டை மாட்டினோம். திங்கட்கிழமை லாரியோடு வந்தவர் முன்னால் நாங்கள் தள்ள, வண்டி உருண்டது. அவர் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அப்பாவால் அந்த வண்டியை ஓட்டவே முடியவில்லை. கட்டுப் பிரித்தும் முட்டி மடங்கவில்லை, கிக் அடிக்கக் கால் வரவில்லை, கடைகள் வேறு ஆளுக்குப் போயின. ஆனால் ஞாயிறுதோறும் பத்தடி முன்னால், பத்தடி பின்னால் நான் வண்டியை உருட்ட வேண்டும். "உங்க மூத்த மவன வாக்கிங் கூட்டிட்டுப் போயாச்சு" என்பேன். சிரிக்க மாட்டார்.

இப்போது அந்தச் சந்து இல்லை. இடித்துத் தகரம் அடைத்துவிட்டார்கள்; நாங்கள் செம்பூரில் பதினொன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வண்டியை லிஃப்டில் ஏற்ற முடியாது. காலி செய்த அன்று "போட்டுருலே" என்று அப்பாவே சொன்னார். பங்கார்காரன் வருவதற்குள் பதினேழு பானாவை எடுத்து அந்தப் புது நட்டில் வைத்தேன். அதற்கு அப்பா பெயிண்டே அடித்ததில்லை. தொட்டதும் சுற்றியது, மீதி விரலிலேயே வந்துவிட்டது. கொஞ்சமாவது அடம் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

எழுதியதைச் செல்வத்துக்கு அனுப்பினேன். மலர் வந்தால் அட்டை முதல் கடைசி விளம்பரம்வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிற ஒரே ஆள் எங்கள் வீட்டில் அப்பாதான். செல்வத்தின் பதில் ஒரே வரி:

"மாமா வாசிப்பாருல்லாலே, பத்தொம்பதுன்னு சொன்னது நான்தான்னே மாத்திரு."